இருவீச்சு இயந்திரமும் மின்மாற்றமும்: நிபோங் திபால் வட்டார மோட்டார் சைக்கிள் வரலாறு குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் கப்பல், ஒப்பந்தம், தோட்டம், லயம், பள்ளி, கோயில், தொழிற்சங்கம் ஆகிய பொருள்களைச் சுற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மக்கள் அன்றாடம் பயன்படுத்திய கருவிகளின் வரலாறு அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. பால்வெட்டுக் கத்தியும் காண்டாவும் கதைகளில் இடம்பெற்றன. தோட்டத்தை நகரத்தோடு இணைத்த மோட்டார் சைக்கிள் அவ்வாறு இடம்பெற்றது குறைவே. அண்மை ஆண்டுகளில் பழைய மொபெட்டுகளையும் சிறு மோட்டார் சைக்கிள்களையும் எடுத்து, அவற்றின் பெட்ரோல் இயந்திரத்தை நீக்கி, மின்விசைப் பொறியும் மின்கலமும் பொருத்தி, தம் விருப்பத்திற்கேற்ப அழகுபடுத்திக்கொள்ளும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் பரவி வருகிறது. இவ்வழக்கம் வரலாற்றாசிரியர் முன் ஒரு கேள்வியை வைக்கிறது. இயந்திரம் மாறிய பிறகும் அவ்வூர்தி பழைய ஊர்திதானா? அது எந்த மக்களின் எந்த வாழ்க்கைக்குச் சான்றாக நின்றதோ, அந்தச் சான்று மாற்றத்திற்குப் பின்னும் எஞ்சுமா?

பினாங்கு மாநிலத்தின் தென்செபராங் பிறை மாவட்டத்தில் உள்ள நிபோங் திபாலையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தேவையான இடங்களில் தமிழ்நாட்டு மொபெட் வரலாறும் பிற நாட்டுச் சட்ட நிலைகளும் ஒப்பீட்டிற்காகக் கொள்ளப்படுகின்றன.

வட்டாரமும் அதன் பாதைகளும்

நிபோங் என்பது சதுப்பு நிலங்களில் வளரும் ஒரு பனை வகை. திபால் என்பது தடித்தது என்னும் பொருளுடைய மலாய்ச் சொல். கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூருக்குத் தெற்கே, ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தார் வட்டாரம் வருகிறது. 1800 ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற இக்கரைப்பகுதி 'புரோவின்ஸ் வெல்லெஸ்லி' எனப் பெயரிடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்குக் கரும்புத் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துவரப்பட்டோர் மலாயாவில் பெருந்தொகையாகக் குடியேறிய தொடக்ககால இடங்களுள் இதுவும் ஒன்றாகும். கலிடோனியா, பைராம், வால்டோர், ஜாவி, டிரான்ஸ்கிரியான் போன்ற தோட்டப் பெயர்கள் இவ்வட்டார மக்களின் நினைவிலும், அவற்றுட் சில தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களிலும் இன்றும் வாழ்கின்றன. ஒப்பந்தக் கூலிமுறை 1910 இல் முடிவுற்றது. கரும்பு சென்று ரப்பர் வந்தது; பின்னர் ரப்பர் சென்று செம்பனை வந்தது.

பயிர் மாறியபோதும் தோட்டத் தொழிலாளியின் நடமாட்டம் எளிதில் மாறவில்லை. 1903 ஆம் ஆண்டளவில் பிறையிலிருந்து சிரம்பான் வரை இருப்புப்பாதை இணைந்தது; நிபோங் திபாலும் அவ்வழியில் ஒரு நிலையம் பெற்றது. ஆயினும் இருப்புப்பாதையும் பெருஞ்சாலையும் தோட்டத்தின் விளைபொருளைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லவே முதன்மையாகப் பயன்பட்டன. லயத்திலிருந்து பெருஞ்சாலை வரை உள்ள செம்மண் பாதையைத் தொழிலாளி நடந்தோ மிதிவண்டியிலோ கடந்தான். தோட்டத்தில் இயந்திர ஊர்தி என்பது நெடுங்காலம் துரைக்கும், பின்னர்க் கிராணிமார் போன்ற அலுவலர்க்கும் உரியதாக இருந்தது. எனவே தொழிலாளி தனக்கென ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிய நிகழ்ச்சியை வெறும் நுகர்பொருள் கொள்முதலாகக் கருதிவிட இயலாது. அது தோட்ட எல்லைக்கு வெளியே தன் விருப்பப்படி சென்றுவரும் உரிமையை நடைமுறையில் பெற்றதற்கு ஒப்பாகும்.

இருவீச்சு இயந்திரத்தின் தோற்றமும் பரவலும்

நான்கு வீச்சு இயந்திரத்தில் உறிஞ்சல், அழுத்தம், வெடிப்பு, வெளியேற்றம் ஆகிய நான்கு செயல்களும் பிஸ்டனின் நான்கு அசைவுகளில் நிகழும். மக்கள் வழக்கில் 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் இருவீச்சு இயந்திரத்தில் அவை இரண்டு அசைவுகளிலேயே முடிந்துவிடும். ஸ்காட்லாந்தின் டுகால்ட் கிளார்க் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருவீச்சு முறைக்கு வடிவம் தந்தார். பாத் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் டே 1890 ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிராங்கு அறையையே காற்றழுத்தும் அறையாகப் பயன்படுத்தும் எளிய வடிவத்தை உருவாக்கினார். வால்வுகளும் அவற்றை இயக்கும் உறுப்புகளும் இல்லாத இவ்வடிவத்தில் பிஸ்டன், இணைதண்டு, கிராங்குத் தண்டு ஆகிய மூன்றே முதன்மையான அசையும் உறுப்புகளாகும். விலை குறைவு, எடை குறைவு, பழுது பார்த்தல் எளிது என்னும் மூன்று நன்மைகளும் இவ்வெளிமையிலிருந்தே பிறந்தன.

செருமனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் 1939 இல் வெளியிட்ட ஆர்.டி. 125 என்னும் சிறு மோட்டார் சைக்கிள் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. இரண்டாம் உலகப் போரில் செருமனி தோல்வியுற்றபின் அதன் வடிவமைப்பு வெற்றி பெற்ற நாடுகளின் கைக்குச் சென்றது. பிரிட்டனில் பி.எஸ்.ஏ. பான்டம், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் 125, சோவியத் நாட்டில் மாஸ்கோ ஆலையின் எம்-1-ஏ ஆகியவை அதன் வழிவந்தவையே. ஜப்பானின் யமாஹா நிறுவனம் 1955 இல் வெளியிட்ட தன் முதல் மோட்டார் சைக்கிளான ஒய்.ஏ.-1 ஐயும் இவ்வடிவத்தை முன்மாதிரியாகக் கொண்டே உருவாக்கியது. பின்னர் நம் தோட்டப் பாதைகளில் ஓடிய யமாஹாக்களின் மூதாதை சாக்சனி மலைப்பகுதியின் ஓர் ஆலையில் பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சுசுகியின் வரலாற்றிலும் இத்தகைய தொடர்பு உண்டு. கிழக்குச் செருமனியின் எம்.இசட். ஆலையில் வால்டர் காடன் என்னும் பொறியாளர், புகைபோக்கியின் வடிவத்தைக் கொண்டே இருவீச்சு இயந்திரத்தின் ஆற்றலைப் பெருக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அவ்வாலையின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961 இல் சுவீடன் பந்தயத்தின்போது மேற்குலகிற்குத் தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சி.சி. பிரிவில் சுசுகி உலகப் பட்டம் வென்றது. பனிப்போர்க்கால அரசியலில் கைமாறிய அவ்வறிவே பின்னர் மலிவான சிறு மோட்டார் சைக்கிள்களின் விரைவான ஓட்டத்திற்கும் அடிப்படையாயிற்று.

பினாங்கும் ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களும்

மலாயாவில் ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் வரலாறு பினாங்கோடு நெருங்கிய தொடர்புடையது. சீனாவின் பூஜியான் மாநிலத்தில் 1915 இல் பிறந்து இளமையிலேயே பினாங்கிற்கு வந்து, பட்டறைத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய லோ பூன் சியூ, 1958 இல் ஜப்பான் சென்றபோது ஹோண்டாவின் சிறு மோட்டார் சைக்கிளைக் கண்டு அதன் விற்பனை உரிமையைப் பெற்றார். அதே ஆண்டில்தான் ஹோண்டா சூப்பர் கப் வெளிவந்தது. பூன் சியூ 1995 இல் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய ஹோண்டா ஆலை இன்று நிபோங் திபால் அமைந்துள்ள அதே தென்செபராங் பிறை மாவட்டத்தின் பத்து காவான் தொழிற்பேட்டையில் உள்ளது. ஒரு காலத்தில் கரும்பும் பின்னர் ரப்பரும் செம்பனையும் விளைந்த நிலப்பகுதியிலேயே இன்று மோட்டார் சைக்கிள்கள் உருவாகின்றன என்பது இவ்வட்டாரத்தின் பொருளியல் மாற்றத்தைக் காட்டும் சான்றாகும்.

சூப்பர் கப் நான்கு வீச்சு இயந்திரம் கொண்டது. 'கப்' என்னும் ஆங்கிலப் பெயரோடு சிறியது எனப் பொருள்படும் சீனச் சொல் இணைந்து 'கப்சாய்' என்னும் மலேசிய வழக்குச் சொல் பிறந்தது என்பர். இச்சொல் பின்னர் அவ்வடிவிலான எல்லாச் சிறு மோட்டார் சைக்கிள்களுக்கும் பொதுப்பெயராயிற்று. யமாஹாவும் சுசுகியும் இதே வடிவத்தில் இருவீச்சு இயந்திரங்களை வைத்து ஹோண்டாவோடு போட்டியிட்டன. எரிபொருள் சிக்கனத்திற்கும் உழைப்பிற்கும் ஹோண்டா பெயர் பெற்றது. விரைவிற்கும் எளிய பழுதுபார்ப்பிற்கும் இருவீச்சு வண்டிகள் பெயர் பெற்றன. யமாஹா 1964 இல் அறிமுகப்படுத்திய தானியங்கி எண்ணெய்க் கலப்பு முறை, பெட்ரோலோடு எண்ணெயை அளந்து கலக்கும் தொல்லையை நீக்கியது. மலேசியாவில் 1985 முதல் 2011 வரை விற்பனையான யமாஹா ஆர்.எக்ஸ்.இசட். இருவீச்சு வண்டிகளுள் மிகப் புகழ்பெற்றது எனலாம்.

தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடல் தொழிலாளர் பலரின் வேலையையும் வீட்டையும் ஒருசேரப் பறித்தது. துன் வீ.தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இந்நெருக்கடியின் விளைவே. 1968 ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. தோட்டங்களில் இருந்த தமிழர் பல்லாயிரவர் இந்தியா திரும்ப நேர்ந்தது. எஞ்சியோர்க்குத் தோட்டத்திற்கு வெளியே வேலை தேடவேண்டிய நிலை உருவாயிற்று.

இதே காலத்தில் பினாங்கின் தொழில்மயமாக்கம் தொடங்கியது. பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1969 இல் அமைக்கப்பட்டது. பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப மண்டலம் 1972 இல் உருவானது. பிறையிலும் ஆலைகள் எழுந்தன. தொழிற்சாலைப் பேருந்துகள் தொழிலாளரை ஏற்றிச்சென்றன எனினும், அவை பெருஞ்சாலையோடு நின்றன. உட்புறத் தோட்டத்தில் வாழ்ந்தவர் இரவு முறை முடிந்து வீடு திரும்பவும், காலையில் மரம் வெட்டிவிட்டு மாலையில் வேறு வேலைக்குச் செல்லவும் சொந்த ஊர்தி வேண்டியிருந்தது. நிபோங் திபாலிலிருந்து பட்டர்வொர்த் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளது. இத்தொலைவை நாள்தோறும் கடக்க மிதிவண்டி போதாது. கார் எட்டாத விலையில் இருந்தது. இவ்விடைவெளியை நிரப்பியது சிறு மோட்டார் சைக்கிளே. 1985 செப்டம்பரில் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலம் அவ்வண்டிகளைத் தீவுக்கும் கொண்டுசென்றது. பத்து காவானைத் தீவோடு இணைக்கும் இரண்டாம் பாலம் 2014 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2019 சனவரி முதல் இவ்விரு பாலங்களிலும் மோட்டார் சைக்கிள்களுக்குச் சாலைக் கட்டணம் நீக்கப்பட்டது.

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் கூறுதல் பொருந்தாது. தவணைக் கடன் பல குடும்பங்களின் மாத வருவாயை முன்கூட்டியே விழுங்கியது. மலேசியாவில் பதிவு பெற்ற ஊர்திகளில் ஏறத்தாழப் பாதி மோட்டார் சைக்கிள்களே. சாலை விபத்துகளில் உயிரிழப்போரிலோ மோட்டார் சைக்கிளில் சென்றோர் 60 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவர் ஆவர். 1973 இல் தலைக்கவச விதி கொண்டுவரப்பட்ட பின்னும் இந்நிலை நீடிக்கிறது. தோட்டக் குடும்பங்கள் பலவற்றில் மோட்டார் சைக்கிள் முதல் சொத்தாகவும் இருந்தது. முதல் பேரிழப்பிற்குக் காரணமாகவும் இருந்தது. பழைய வண்டிகளை ஏக்கத்தோடு நினைவுகூரும்போது இவ்விரண்டாம் உண்மையை விட்டுவிடுதல் வரலாற்று நேர்மையாகாது.

பட்டறையும் சொற்களும்

இருவீச்சு இயந்திரத்தின் எளிமை, பள்ளிக்கல்வி குறைந்த இளைஞர்க்கும் ஒரு தொழிலறிவை வழங்கியது. புகைபோக்கியில் படிந்த கரியைச் சுரண்டி எடுத்தல், பிளக்கின் நிறத்தைக் கண்டு எரிபொருள் கலவை சரியா எனக் கணித்தல், தேய்ந்த ரிங்கை மாற்றுதல், சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் பொருத்துதல் ஆகியவற்றைச் சிறு கருவிகளைக் கொண்டே லயத்து வாசலிலும் செய்ய முடிந்தது. பிளக் கறுத்து ஈரமாயிருந்தால் எண்ணெய் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. காப்பிப்பொடி நிறமாயிருந்தால் சரி. மருத்துவர் நாக்கைப் பார்த்து நோயறிவதை ஒத்த இவ்வறிவு நூல்வழி வந்ததன்று, கைவழி வந்தது.

தமிழாசிரியர் கவனிக்கத்தக்க மற்றொரு செய்தி இங்கு உண்டு. இப்பட்டறைகளில் வழங்கிய மொழி நான்கு மொழிகளின் கலப்பாகும். பட்டறைக்கு மலாய் வழியாக வந்த 'பெங்கேல்', எண்ணெய்க்கு 'டூ டி', ஊர்திப் பதிவுச் சான்றுக்கு 'கிராண்ட்', வண்டிக்குச் சீன ஒலியுடைய 'கப்சாய்' என்பவற்றோடு, 'கட்டிப்பிடித்துவிட்டது', 'இழுவை இல்லை', 'மூச்சு வாங்குகிறது' என்னும் தமிழ் வினைகளும் வழங்கின. பொருள்களுக்குப் பிறமொழிப் பெயர்கள் வந்தபோதும், இயந்திரத்தின் நோயைக் கூற மக்கள் தமிழ் வினைகளையே நாடினர். பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நிற்பதைக் 'கட்டிப்பிடித்தது' என்று கூறியவர் எவரிடமும் கலைச்சொல் கேட்டுப் பெறவில்லை. கலைச்சொல்லாக்கம் பற்றி வகுப்பறையில் பேசும் நாம் இத்தகைய சொற்களைத் தொகுக்காமல் இருப்பது பெருங்குறையாகும். மின்விசைப் பொறிக்குக் கரியும் இல்லை, பிளக்கும் இல்லை. இயந்திரம் மறையும்போது அதற்கான சொற்களும் மறைந்துவிடும்.

தமிழ்நாட்டு மொபெட்: ஓர் ஒப்பீடு

மொபெட் என்பது மோட்டார், பெடல் ஆகிய இரு சொற்களின் முற்பகுதிகள் இணைந்தது. 1952 இல் சுவீடன் நாட்டு இதழாளர் ஒருவர் இச்சொல்லைப் படைத்ததாகக் கூறுவர். மிதிக்கவும் இயலும், இயந்திரத்தாலும் ஓடும் என்பதே அதன் தொடக்க இலக்கணம். மலேசியாவில் கப்சாய் பெற்ற இடத்தைத் தமிழ்நாட்டில் மொபெட் பெற்றது. கைனட்டிக் நிறுவனத்தின் லூனா 1972 இல் வெளிவந்தது. ஓசூரில் 1980 இல் உற்பத்தியான டி.வி.எஸ். 50, இருவர் அமர்ந்து செல்லத்தக்க முதல் இந்திய மொபெட் ஆகும். பால்காரர், பூ விற்போர், காய்கறி வணிகர், உழவர் ஆகியோர் அதைச் சுமைவண்டியாகவே மாற்றிக்கொண்டனர். ஆலையிலிருந்து வந்த வடிவத்தில் அது நெடுநாள் இருந்ததில்லை. பின்புறம் இரும்புச் சட்டமும், பக்கங்களில் பால் கேன் மாட்டும் கொக்கியும், முன்புறம் மூட்டை வைக்கும் பலகையும் உள்ளூர்ப் பட்டறைகளில் சேர்க்கப்பட்டன.

இச்செய்தி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. ஊர்தியைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுதல் இன்றைய ஆர்வலர் கண்டுபிடித்த புதுமையன்று. உழைக்கும் மக்களின் வண்டி தொடக்கத்திலிருந்தே மாற்றப்பட்ட வண்டியாகவே இருந்துள்ளது. மலேசியாவில் ரொட்டி விற்போரின் வண்டியில் கட்டப்பட்ட பெரும் பெட்டியும், செம்பனைக் கன்றும் உரமூட்டையும் ஏற்றுவதற்கு வைத்த சட்டமும் இவ்வகையினவே.

மொபெட் மின்மயமாதலிலும் இந்தியா ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. கைனட்டிக் கிரீன் நிறுவனம் 2024 பிப்ரவரியில் இ-லூனா என்னும் மின் மொபெட்டை வெளியிட்டது. இங்குப் பழைய பெயர் புதிய உடலில் வாழ்கிறது. மின்மாற்றத்திலோ பழைய உடலில் புதிய உயிர் வைக்கப்படுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு வகையான நினைவுகூரல்கள் ஆகும்.

இருவீச்சின் மறைவு

இருவீச்சு இயந்திரத்தின் எளிமையே அதன் குறையுமாயிற்று. புதிய கலவை உள்ளே நுழையும் வேளையில் புகைவாயும் திறந்திருப்பதால், எரியாத பெட்ரோலில் கணிசமான பங்கு, சில நிலைகளில் மூன்றில் ஒரு பங்கு வரை, வெளியேறிவிடும். அதனோடு எண்ணெயும் எரிவதால் நீலப்புகை எழும். தைவான் 2004 இல் நடைமுறைப்படுத்திய கடும் புகை அளவீடுகள் புதிய இருவீச்சு வண்டிகளுக்கு அங்கு முடிவு கட்டின. மலேசியாவில் 2003 ஆம் ஆண்டின் மோட்டார் சைக்கிள் புகைக் கட்டுப்பாட்டு ஒழுங்குமுறை அதே திசையில் அமைந்தது. கெடாவின் குருணில் அமைந்த மொடெனாஸ் ஆலை 1996 இல் வெளியிட்ட கிரிஸ் நான்கு வீச்சு வண்டியாகவே வந்தது. 2011 இல் ஆர்.எக்ஸ்.இசட். நின்றபோது ஒரு காலகட்டம் முடிவுற்றது எனலாம். இந்தியாவில் யமாஹா ஆர்.எக்ஸ். 100 இன் உற்பத்தி அதற்கு முன்பே, 1996 இல், நின்றுவிட்டது.

உற்பத்தி நின்ற பின்னரே ஏக்கம் வளர்ந்தது. திரெங்கானுவில் அண்மை ஆண்டுகளில் நடந்த ஆர்.எக்ஸ்.இசட். உரிமையாளர் கூடல்களில் பல்லாயிரவர் திரண்டனர். பழைய வண்டிகளின் விலையும் உயர்ந்தது. ஒரு காலத்தில் ஏழையின் வண்டியாக இருந்தது இன்று சேகரிப்போரின் பொருளாகியுள்ளது. அதனை உண்மையில் பயன்படுத்திய தோட்டத் தொழிலாளியின் வண்டியோ பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குச் சென்றுவிட்டது.

மின்மாற்றம்: செய்முறையும் சட்டமும்

மின்மாற்றத்தின் செய்முறை கோட்பாட்டளவில் எளியது. இயந்திரம், கார்ப்பரேட்டர், புகைபோக்கி ஆகியவை நீக்கப்படும். பின்சக்கரத்தின் நடுவிலேயே அமையும் மின்பொறியோ, சங்கிலி வழியாகச் சக்கரத்தைச் சுழற்றும் மின்பொறியோ பொருத்தப்படும். இயந்திரம் இருந்த இடத்திலோ பெட்ரோல் தொட்டியினுள்ளோ மின்கலம் வைக்கப்படும். மிதிவண்டிச் சட்டத்தைப் போன்ற மெலிந்த மொபெட் சட்டத்தில், மின்பொறியின் முறுக்குவிசை அச்சைச் சுழற்றிப் பின்சட்டத்தைக் கிழித்துவிடாதபடி தாங்குதண்டு வைத்தல் இன்றியமையாதது. நிறுத்தமும் பழைய வேகத்திற்கேற்ப அமைந்ததே என்பதால் அதனையும் வலுப்படுத்த வேண்டும்.

ஒரு கணக்கு இங்குப் பயன்படும். 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி மின்கலத்தில் அடங்குவது 960 வாட்-மணி ஆற்றலே. சிறு மொபெட் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 வாட்-மணி வரை எடுத்துக்கொள்ளும் எனக் கொண்டால், அது 32 முதல் 38 கிலோமீட்டர் வரை ஓடும். நிபோங் திபாலிலிருந்து பட்டர்வொர்த் சென்று சேரலாம். திரும்பிவர மின்னேற்றம் வேண்டும். நான்கு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 36,000 வாட்-மணி ஆற்றல் உள்ளது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் எனக் கொண்டால் அது 180 கிலோமீட்டர் ஓட்டும். ஆற்றலில் 37 மடங்கு வேறுபாடு இருந்தும் தொலைவில் ஐந்து மடங்கு அளவிற்கே வேறுபாடு உள்ளது. பழைய இயந்திரம் எவ்வளவு ஆற்றலை வெப்பமாகவும் புகையாகவும் இழந்தது என்பதை இது புலப்படுத்தும். ஆயினும் மின்சாரமும் ஓரிடத்தில் உற்பத்தியாக வேண்டியதே. தீபகற்ப மலேசியாவில் அதில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்தும் இயற்கை வளியிலிருந்தும் கிடைக்கிறது.

சட்ட நிலையே உண்மையான தடையாகும். மலேசியாவில் ஊர்தியின் பதிவு, இயந்திர எண், சட்ட எண் ஆகிய இரண்டையும் சார்ந்தது. இயந்திரத்தை நீக்கும்போது ஊர்தியின் சட்டமுறையான அடையாளத்தில் பாதி நீங்கிவிடுகிறது. 1987 ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலின்றி இத்தகைய மாற்றம் செய்த வண்டியைச் சாலையில் ஓட்டுபவர் தண்டனைக்கு ஆளாகலாம். காப்புறுதியும் பயனற்றுப் போகலாம். 2021 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நுண்ணூர்தித் தடை விதிகள் மொபெட் உள்ளிட்ட சில சிறு ஊர்திகளைச் சாலையில் பயன்படுத்துவதைத் தடை செய்தன. அதே வேளையில் அரசு 2024 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், புதிய மின் மோட்டார் சைக்கிள் வாங்குவோர்க்கு 2,400 ரிங்கிட் கழிவு அறிவித்தது. புதிய மின்வண்டிக்கு ஊக்கமும் பழைய வண்டியின் மின்மாற்றத்திற்கு ஐயமும் ஒருங்கே நிற்பதைக் காண்கிறோம்.

பிரான்சு நாடு வேறு வழியைத் தேர்ந்தது. 2020 மார்ச்சில் அந்நாடு வெளியிட்ட ஆணை, ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களையும் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரு சக்கர, மூன்று சக்கர ஊர்திகளையும், ஒப்புதல் பெற்ற உறுப்புகளைக் கொண்டு மின்மயமாக்க வழிவகுத்தது. மொபிலெட், சோலெக்ஸ் ஆகிய மொபெட்டுகளைப் படைத்த நாடு தன் பழைய வண்டிகளுக்குச் சட்ட வாயில் ஒன்றைத் திறந்துவைத்தது பொருத்தமானதே.

வரலாற்றுச் சான்று என்ற நிலையில்

1966 இல் தோன்றிய உலகப் பழைய ஊர்திக் கூட்டமைப்பான ஃபீவா, வரலாற்று ஊர்திக்கு வகுத்த இலக்கணம் நோக்கத்தக்கது. அவ்வூர்தி குறைந்தது முப்பது ஆண்டுப் பழமையுடையதாக இருத்தல் வேண்டும். வரலாற்று முறையில் சரியான நிலையில் பேணப்படல் வேண்டும். அன்றாடப் போக்குவரத்திற்குப் பயன்படாததாகவும் இருத்தல் வேண்டும். 2019 இல் அக்கூட்டமைப்பு, மின்மயமாக்கப்பட்ட ஊர்தி வரலாற்று ஊர்தி என்னும் தகுதிக்குப் பொருந்தாது என்றும், மாற்றம் செய்வதாயின் மீண்டும் பழைய நிலைக்குக் கொணரத்தக்கவாறு மூல உறுப்புகளைப் பாதுகாக்க வேண்டும் என்றும் தன் நிலைப்பாட்டைத் தெரிவித்தது.

மூல உறுப்புகளைப் பாதுகாக்கக் கூறும் அறிவுரையில் நமக்கு முழு உடன்பாடு உண்டு. ஆயின் அன்றாடப் பயன்பாட்டை விலக்கும் பகுதி நம் வட்டார வரலாற்றிற்குப் பொருந்தாது என்பதே நம் கருத்தாகும். செல்வர் வீட்டுக் கொட்டகையில் நின்ற காருக்கு அவ்விலக்கணம் பொருந்தலாம். தோட்டத் தொழிலாளியின் மோட்டார் சைக்கிளுக்கு வரலாற்று மதிப்பைத் தந்ததே அதன் அன்றாடப் பயன்பாடுதான். அவ்வண்டி வேலைக்குச் சென்றது. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுசென்றது. நோயாளியை மருத்துவமனையில் சேர்த்தது. அதை மெருகேற்றி ஓடாமல் நிறுத்திவைத்தால் உலோகம் பேணப்படும். அதன் வாழ்வு பேணப்படும் எனக் கூற இயலாது.

எதிர்வாதமும் வலுவானதே. இருவீச்சு வண்டியின் நினைவு பெரும்பாலும் ஒலியிலும் மணத்திலும் தங்கியுள்ளது. வண்டியின் ஒலியைக் கேட்டே இன்னார் வருகிறார் என லயத்தில் உள்ளோர் அறிந்தனர் என்பது தோட்ட வாழ்வை அறிந்தோர் யாவரும் ஒப்பும் செய்தி. இரவு முறைக்குச் சென்ற கணவனோ மகனோ திரும்பும் வேளையை அவ்வொலியே வீட்டிற்கு அறிவித்தது. மின்மாற்றம் பெற்ற வண்டி அமைதியாக வந்து நிற்கும், சட்டமும் தொட்டியும் விளக்கும் பழையனவாகவே இருக்கும், அவ்வறிவிப்பு இராது. உறுப்புகளை எண்ணினால் ஒன்று மட்டுமே மாறியிருக்கும். நினைவை எண்ணினால் பெரும்பகுதி மாறியிருக்கும். இவ்விழப்பை ஆர்வலர் மறைத்தல் கூடாது.

இவ்விரு வாதங்களையும் சீர்தூக்கும்போது, மின்மாற்றத்தை வரலாற்று அழிவு என ஒதுக்கவோ, பசுமைக் காப்பு என முழுதும் போற்றவோ நாம் முற்படவில்லை. பதிவு செய்யப்பட்ட மாற்றம், பதிவு செய்யப்படாத மாற்றம் என்னும் பகுப்பே வரலாற்றாசிரியர்க்குப் பயனுடையது. நீக்கிய இயந்திரத்தை எண்ணோடு பாதுகாத்து, மாற்றத்திற்கு முன் வண்டியைப் படமெடுத்து, அதன் ஒலியைப் பதிந்து, உரிமையாளர் வரிசையையும் அவர்கள் ஓட்டிய பாதைகளையும் எழுதிவைத்தால், மின்மயமான பின்னும் அவ்வண்டி சான்றாக நிற்கும். இவை எதுவும் இன்றி மூல இயந்திரத்தோடு மெருகேற்றி நிறுத்தப்பட்ட வண்டி, யாருடையது, எங்கு ஓடியது என்பது அறியப்படாத அழகிய பொருளாகவே எஞ்சும்.

முடிவுரை

நிபோங் திபால் வட்டாரத்தின் தோட்டங்களிற் பல இன்று வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்த இடங்களில் குடியிருந்தோரின் பெயர்ப்பட்டியல் கிடைப்பது அரிது. ஆனால் பழைய மோட்டார் சைக்கிளின் பதிவுச் சான்றில் உரிமையாளர் பெயரும் தோட்ட முகவரியும் இயந்திர எண்ணும் ஒருசேரப் பொறிக்கப்பட்டிருக்கும். வேறு ஆவணம் இல்லாத குடும்பத்திற்கு அத்தாள் ஒரு வரலாற்று மூலமாகும். அதனை வண்டியோடு சேர்த்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாமல் காப்பது நம் கடமையாகும்.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. நம் மாணவர்கள் தம் வீட்டில் உள்ள பழைய பதிவுச் சான்றுகளைப் படியெடுத்து, தாத்தா அல்லது தந்தை ஓட்டிய முதல் மோட்டார் சைக்கிள் பற்றி ஒரு பக்கம் எழுதி வருமாறு செய்யலாம். வட்டாரப் பட்டறைகளில் வழங்கும் சொற்களைத் தொகுக்கலாம். 2001 இல் நிபோங் திபாலுக்கு இடம்பெயர்ந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இவ்வூரிலேயே உள்ளது. மின்மாற்றத்தின் பாதுகாப்பு அளவீடுகளை ஆராயப் பொறியியலாரும், அதன் நினைவுகளைத் தொகுக்கத் தமிழ்த்துறையினரும் கைகோத்துச் செயலாற்ற இவ்வட்டாரம் தகுந்த களமாகும்.

இருவீச்சு வண்டிகளைப் புத்தம் புதிதாக வாங்கி ஓட்டிய முதல் தலைமுறையினர் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்து வருகின்றனர். வண்டியின் இயந்திரத்தை இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்தும் பழுது பார்க்கலாம். உறுப்புகளைப் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். அதனை ஓட்டியவரிடம் கேட்டறிய வேண்டியவற்றை அவ்வாறு தள்ளிவைக்க இயலாது. வண்டி மின்மயமாகட்டும், ஆகாதிருக்கட்டும். அப்பணியை முதலில் மேற்கொள்ளுதல் வேண்டும்.